அவன் எப்படிப்பட்டவன் என்று நீதிமன்றம் கேட்பதில்லை

பங்கு அலுவலகத்தில் அமர்ந்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. காலைத் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பிறகு ஒரு தாய் தயங்கித் தயங்கி உள்ளே வருகிறார். முந்தின இரவு மகனைக் காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்றுவிட்டார்கள். "சாமி, அவன் நல்ல பையன்னு ஒரு லெட்டர் மட்டும் எழுதிக் குடுங்க. வக்கீல் கேக்கறாரு" என்கிறார். அவர் வெளியே போய் நிற்பதற்குள், வேறு வேலையாக வந்திருந்த இன்னொருவர் குரலைத் தாழ்த்தி, "அவனாத்தான் சாமி இருக்கும். போன வருஷமே அவன் மேல ஒரு கேஸ் இருக்கே" என்கிறார்.

இரண்டு பேச்சும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றுகின்றன. ஆனால் சற்று நின்று பார்த்தால், இரண்டும் ஒரே பாதையில்தான் நடக்கின்றன. அவன் நல்லவன், ஆகவே இதைச் செய்திருக்க மாட்டான் என்கிறார் தாய். அவன் கெட்டவன், ஆகவே இதையும் செய்திருப்பான் என்கிறார் மற்றவர். நேற்று இரவு எட்டு மணிக்கு அந்தத் தெருவில் என்ன நடந்தது என்பது இருவருக்கும் தெரியாது.

கடலூர் சாலையிலுள்ள நீதிமன்ற வளாகத்தில் இந்த இரண்டு பேச்சுக்கும் என்ன மதிப்பு? பங்குத்தந்தை கொடுக்கும் கடிதம் எந்த இடத்தில் உதவும், எந்த இடத்தில் உதவாது, எந்த இடத்தில் கெடுதலாகவே முடியலாம்? நம் மக்கள் பலருக்கும் தேவைப்படும் செய்தி என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் சட்டம் சொல்வது. 1872-ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தை எழுதியவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் என்ற ஆங்கிலேயர். அச்சட்டத்தின் 53-ஆம் பிரிவு, குற்ற வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் நற்குணம் உடையவர் என்பதைச் சாட்சியமாகக் கொண்டுவரலாம் என்றது. 54-ஆம் பிரிவு, அவர் தீயகுணம் உடையவர் என்பதைக் கொண்டுவரக் கூடாது என்றது. 2024 ஜூலை 1 முதல் அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் பாரதிய சாட்சிய அதினியம் நடைமுறையில் உள்ளது. எண்கள்தான் மாறின, 53 இப்போது 47, 54 இப்போது 49. விதி அப்படியே இருக்கிறது.

தராசு ஒரு பக்கம் சாய்ந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நற்பெயரை உள்ளே விடும் சட்டம், கெட்ட பெயரை வாசலிலேயே நிறுத்துகிறது. முன்பு தண்டனை பெற்றவர் என்ற உண்மைகூட உள்ளே வரக்கூடாது. 1872-இல் முதலில் எழுதப்பட்டபோது இந்தக் கடைசிக் கதவு திறந்துதான் இருந்தது. முந்தைய தண்டனையைச் சாட்சியமாகக் கொள்ளலாம் என்றே ஸ்டீபனின் சட்டம் சொன்னது. 1891-இல் ஒரு திருத்தத்தின் மூலம் அதை மூடினார்கள்.

ஆனால் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அந்தத் தாய்க்கு வக்கீல் இதைச் சொல்லியிருப்பாரா என்று தெரியாது. குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பே "இவர் நல்லவர்" என்று சாட்சி கொண்டுவந்துவிட்டால், அதற்குப் பதிலாக அரசுத் தரப்பு "இல்லை, இவர் கெட்டவர்" என்று காட்டலாம். அப்போது பழைய தண்டனைகளும் வெளியே வரும். மூடியிருந்த கதவை நாமே திறந்துவிட்டோம் என்று பொருள். பழைய வழக்கில் தண்டனை பெற்ற ஒருவருக்காகப் பங்குத்தந்தை விசாரணையில் கூண்டேறி நற்சாட்சி சொன்னால், அந்தச் சாட்சியமே அவருக்கு எதிரான பழைய ஏடுகளைத் திறந்துவிடக் கூடும். சாட்சி சொல்பவரையும் குறுக்கு விசாரணை செய்வார்கள். "இவருக்கு முன்பு கிடைத்த தண்டனை உங்களுக்குத் தெரியுமா, சுவாமி?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

இன்னொன்றும் உண்டு. நற்குணம் என்று சட்டம் சொல்வது ஒருவருடைய பொதுவான பெயரையும், பொதுவான இயல்பையும் மட்டுமே. குறிப்பிட்ட செயல்களைச் சொல்ல முடியாது. "2004 சுனாமியின்போது கடற்கரையில் நான்கு பிள்ளைகளைத் தூக்கிக் கொண்டு ஓடி வந்தவன் இவன்" என்று ஊரே அறிந்த ஒன்றைச் சொன்னாலும், நற்குணத்துக்குச் சான்றாக அது ஏற்கப்படாது. "ஊரில் இவனுக்கு நல்ல பெயர்" என்பது ஏற்கப்படும். நமக்கு இது தலைகீழாகப் படலாம். நான்கு பிள்ளைகளைக் காப்பாற்றியது உண்மை. ஊர்ப் பெயர் வெறும் பேச்சு. ஆனால் ஒவ்வொரு நற்செயலையும் நிரூபிக்கவும் மறுக்கவும் புறப்பட்டால், நடந்த குற்றத்தைப் பற்றிய விசாரணை ஒருநாளும் முடியாது என்பது சட்டத்தின் கவலை.

அப்படியே உள்ளே வந்தாலும், நற்குணச் சாட்சியம் பலவீனமான சாட்சியம்தான் என்று உச்ச நீதிமன்றம் 1960-களிலேயே சொல்லிவிட்டது. நேரில் கண்ட சாட்சியும் தடயமும் ஒருவருக்கு எதிராக உறுதியாக நிற்கும்போது நற்பெயர் அவரைக் காப்பாற்றாது. ஐயம் சமமாக நிற்கும் வழக்கில் மட்டும் தராசை அவர் பக்கம் கொஞ்சம் சாய்க்கலாம்.

சரி, கெட்ட பெயரை ஏன் இவ்வளவு பிடிவாதமாகத் தடுக்க வேண்டும்? திருடியவன் மறுபடியும் திருடுவான் என்பது உலக அனுபவம்தானே என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த அனுபவத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வழக்கைத் தீர்க்கும்போது இரண்டு காரியங்கள் நடந்துவிடுகின்றன. சாட்சியத்தில் இருக்கும் ஓட்டைகளை நம் மனமே அடைத்துவிடுகிறது, முகம் சரியாகத் தெரியவில்லை என்று சாட்சி சொன்னாலும், "வேறு யாராக இருக்கும்?" என்று நாம் நிரப்பிக்கொள்கிறோம். அடுத்தது, இந்தக் குற்றம் நிரூபணமாகவில்லை என்றாலும், பழைய குற்றங்களுக்கு இன்னும் கொஞ்சம் அனுபவிக்கட்டுமே என்ற எண்ணம் வந்துவிடுகிறது. தண்டனையை முழுவதும் அனுபவித்து வெளியே வந்தவனை அதே குற்றத்துக்காக மறுபடியும் தண்டிப்பது அது. உண்மையாகவே செய்தவன் வேறு யாரோ என்றால், அவனைத் தேடுவதையும் அன்றோடு எல்லோரும் விட்டுவிடுவார்கள்.

சூசன்னாவின் கதையில் இதன் மறுபக்கம் இருக்கிறது. தானியேல் நூலின் இணைப்புப் பகுதியில் அதை வாசித்திருப்போம். குற்றம் சாட்டிய இருவரும் மூப்பர்கள், மக்களின் நடுவர்கள். அந்தப் பெயருக்காகவே சபை அவர்களை நம்பி, சூசன்னாவுக்குச் சாவுத் தீர்ப்பு அளித்தது. இளைஞர் தானியேல் இருவரையும் பிரித்து நிறுத்தி, எந்த மரத்தடியில் பார்த்தீர்கள் என்று கேட்டார். இருவரும் வெவ்வேறு மரங்களைச் சொன்னார்கள். தானியேலும் அந்த மூப்பர்களின் பழைய பாவங்களை அங்கே எடுத்துச் சொல்லித் திட்டவே செய்தார் என்பது உண்மை. ஆனால் சூசன்னாவைக் காப்பாற்றியது அந்தத் திட்டு அல்ல, மரத்தைப் பற்றிய கேள்விதான்.

சட்டத்துக்குள் திரும்புவோம். பழைய செயல்கள் எல்லாமே எப்போதும் தடைசெய்யப்பட்டவை என்று எண்ணிவிடக் கூடாது. சட்டமே தரும் ஓர் எடுத்துக்காட்டு இதை அழகாக விளக்குகிறது. ஒருவர் மற்றொருவரை வேண்டுமென்றே சுட்டுக் கொன்றதாக வழக்கு. இதற்கு முன்பும் இதே மனிதரைக் குறிவைத்து அவர் சுட்டிருக்கிறார் என்றால் அதைச் சொல்லலாம். கொல்லும் எண்ணம் இருந்ததை அது காட்டுகிறது. ஆனால், கொல்லும் நோக்கத்தோடு ஆட்களைச் சுடுவது அவருடைய வழக்கம் என்று பொதுவாகச் சொல்லக் கூடாது. முதலாவது இந்தக் குற்றத்தைப் பற்றிய செய்தி. இரண்டாவது அந்த மனிதரைப் பற்றிய செய்தி.

இன்னோர் எடுத்துக்காட்டு, காப்பீட்டுப் பணத்துக்காக வீட்டுக்குத் தீ வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவரைப் பற்றியது. அவர் ஒவ்வொரு வீடாகக் குடிபோகிறார், ஒவ்வொன்றையும் காப்பீடு செய்கிறார், ஒவ்வொன்றும் எரிகிறது, ஒவ்வொன்றுக்கும் பணம் வாங்குகிறார். இவற்றைச் சொல்லலாம். தீ தற்செயலாகப் பிடித்தது என்ற வாதத்தை அவை உடைக்கின்றன.

இங்கிலாந்தில் 1915-இல் நடந்த வழக்கு இதைவிடக் கொடியது. ஜார்ஜ் ஜோசப் ஸ்மித் என்பவர் மணந்த பெண் ஒருவர் 1912-இல் குளியல் தொட்டியில் மூழ்கி இறந்தார். வலிப்பு வந்திருக்கும் என்று கோப்பை மூடினார்கள். 1913-இல் வேறு ஊரில், வேறு மனைவி, குளியல் தொட்டி. 1914-இல் லண்டனில் மூன்றாவது. மூன்றாவது மரணம் செய்தித்தாளில் வந்தபோது, இரண்டாவது பெண்ணின் தந்தை அதைப் படித்துத் திடுக்கிட்டார். அப்படித்தான் வழக்கே வெளிச்சத்துக்கு வந்தது. விசாரணை முதல் பெண்ணின் கொலைக்காக மட்டுமே நடந்தது. ஆயினும் மற்ற இரண்டு மரணங்களையும் சொல்ல நீதிமன்றம் அனுமதித்தது. ஸ்மித் கெட்டவர் என்பதற்காக அல்ல. ஒரே மனிதரின் மூன்று மனைவியர் ஒரே விதமாகத் தற்செயலாக இறப்பது நம்பக்கூடியதா என்பதே அங்கே கேள்வி. மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் உண்மை தெரிய வழியே இல்லை. ஆகவே "பழையதைப் பேசவே கூடாது" என்று ஒரேயடியாகச் சொல்வதும் நீதியாகாது.

இந்த எல்லைக்கோடு இல்லாத விசாரணை எப்படி இருக்கும்? அதற்கு நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. நம் நகரில் நைனியப்பப் பிள்ளை வீதி என்று ஒரு வீதி இருக்கிறது. அந்தப் பெயருக்குரியவரை 1716-இல் இதே ஊரில் விசாரித்துத் தண்டித்தார்கள். கத்தோலிக்கர்களாகிய நமக்கு அது வசதியான வரலாறு அல்ல.

நைனியப்பா பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகர். நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளைக்கு மாமன் முறை. அவர் கிறிஸ்தவர் அல்லர். அந்தப் பதவியில் ஒரு கிறிஸ்தவரே இருக்க வேண்டும் என்று இங்கிருந்த இயேசு சபையினர் தொடர்ந்து வற்புறுத்தி வந்தனர். 1715-இல் இந்து சமய வழிபாடுகள் மீது விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளை எதிர்த்துத் தொழிலாளர்களும் வணிகர்களும் நகரைவிட்டு வெளியேறத் துணிந்தனர். அதைத் தூண்டியவர் நைனியப்பாதான் என்ற பேச்சு எழுந்தது. 1716-இன் தொடக்கத்தில் ஆளுநர் எபேர் அவரைக் கைது செய்தார். குற்றச்சாட்டுகள் இரண்டு: கொடுங்கோன்மை, அரசுக்கெதிரான கலகம்.

"கொடுங்கோன்மை" என்ற சொல்லைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னாருக்கு இதைச் செய்தார் என்று அது நிற்பதில்லை. ஒரு மனிதர் எப்படிப்பட்டவர் என்பதே அங்கே குற்றச்சாட்டாகிவிடுகிறது. அன்று நான் வேறு ஊரில் இருந்தேன் என்று மறுக்கக்கூட முடியாது. ஆண்டுக்கணக்கில் அதிகாரமும் செல்வமும் வைத்திருந்த தரகருக்கு ஊரில் மனத்தாங்கல் உள்ளவர்கள் இல்லாமல் இருப்பார்களா? சாட்சிகள் வந்தார்கள். அவர்கள் தமிழில் சொன்னது போர்த்துகீசிய மொழிக்கும், அதிலிருந்து பிரெஞ்சுக்கும் பெயர்க்கப்பட்டது. தாங்கள் படிக்க இயலாத பிரெஞ்சுத் தாள்களில் அவர்கள் கையொப்பமிட்டார்கள். மொழிபெயர்த்தவர், இயேசு சபையின் உபதேசியார் ஒருவரின் மகன்.

தீர்ப்பு: கடைவீதியில் மக்கள் முன் 50 கசையடி, சொத்துகள் பறிமுதல், மூன்று ஆண்டு சிறை, பிறகு நாடு கடத்தல். நைனியப்பா தண்டனைக் காலத்தை முடிக்கவில்லை. 1717-இல் சிறையிலேயே இறந்தார்.

வழக்கு அத்துடன் முடியவில்லை. அவருடைய குடும்பத்தார் பிரான்சுக்கு முறையீடுகள் அனுப்பினர். அவருக்காகப் பேசியவர்களில் பாரிஸ் அந்நிய வேதபோதக சபைக் குருக்களும் இருந்தனர் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். திருச்சபையின் குரல் அன்று ஒரே குரலாக இல்லை. மறுவிசாரணையில் தீர்ப்பு கவிழ்ந்தது. எபேரும் அவருடைய மகனும் கைதாகிப் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார்கள். நைனியப்பாவின் மகன் குருவப்பா பிரான்சு சென்று அங்கே திருமுழுக்குப் பெற்று, செவாலியே பட்டத்தோடு திரும்பித் தந்தையின் பதவியில் அமர்ந்தார். தந்தை குற்றமற்றவர் என்று அரசு ஏற்றுக்கொண்டது. ஆனால் கசையடியைத் திரும்ப எடுக்க முடியாது.

பிரெஞ்சு முறையைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. 1716-இன் நடைமுறை வேறு, பிற்காலப் பிரெஞ்சுச் சட்டம் வேறு. ஆயினும் குணத்தைப் பொறுத்தவரை பிரெஞ்சு முறையும் ஆங்கில முறையும் இன்றும் வெவ்வேறு திசையில்தான் நிற்கின்றன. பிரான்சில் பெருங்குற்ற வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவரின் வளர்ப்பு, குடும்பம், வேலை, பழைய தண்டனைகள் எல்லாவற்றையும் பற்றித் தனி விசாரணை நடக்கும். அது நீதிமன்றத்திலும் பேசப்படும். மனிதரை அறியாமல் அவரை எப்படித் தீர்ப்பிடுவது என்பது அவர்களின் நியாயம். ஆல்பெர் காம்யு 1942-இல் எழுதிய நாவல், தமிழில் "அந்நியன்" என்று வந்தது, இந்த நியாயத்தின் ஆபத்தைக் காட்டுகிறது. அதன் நாயகன் ஒருவனைச் சுட்டுக் கொன்றது உண்மை. ஆனால் அவனை மரண தண்டனைக்குத் தள்ளுவது, தாயின் அடக்கத்தில் அவன் அழவில்லை என்ற செய்தி. நம் நகரில் 1954-க்குப் பிறகும் சில ஆண்டுகள் பிரெஞ்சுச் சட்டங்களே நடப்பில் இருந்தன. 1962-இல் சட்டப்படியான இணைப்பு முடிந்த பிறகு, அந்தப் பத்தாண்டிலேயே இந்தியச் சட்டங்கள் இங்கும் விரிவாக்கப்பட்டன. ஸ்டீபனின் விதி அப்படித்தான் புதுச்சேரிக்கு வந்தது.

ஸ்டீபனின் விதி சுத்தமானது என்று நாம் பெருமைப்படுவதற்கு முன் இன்னொரு தேதியையும் பார்க்க வேண்டும். சாட்சியச் சட்டம் 1872. அதற்கு முந்தைய ஆண்டில், 1871-இல், அதே ஆட்சி, ஸ்டீபன் சட்ட உறுப்பினராக இருந்த அதே காலத்தில், குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. தனிமனிதனின் கெட்ட குணத்தை நீதிமன்றத்தில் பேசக்கூடாது என்று எழுதிய கை, ஓர் அறிவிக்கையால் முழுச் சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகள் ஆக்கலாம் என்றும் எழுதியது. அந்த அறிவிக்கையை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது. 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் அது வந்தது. கைரேகை பதியவேண்டும், இரவில் காவல் நிலையத்திலோ குறிப்பிட்ட இடத்திலோ இருக்க வேண்டும், அனுமதியின்றி ஊரைவிட்டுப் போகக்கூடாது. இதை எதிர்த்த பிரமலைக் கள்ளர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் காவல்துறை சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தனர். சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் அந்தச் சட்டம் ஒழிந்தது. ஆனால் அந்தப் பார்வை அவ்வளவு எளிதில் ஒழியவில்லை. சிறைக் கையேடுகளில் சாதியைப் பார்த்து வேலை பிரிப்பதையும், சீர்மரபினரைப் பழகிய குற்றவாளிகளாகக் காணும் விதிகளையும் உச்ச நீதிமன்றம் நீக்கியது 2024 அக்டோபரில்தான்.

இன்றும் முன்வாசலில் தடுக்கப்படும் கெட்ட பெயர் பின்வாசல் வழியாக வந்துகொண்டுதான் இருக்கிறது. காவல் நிலையங்களில் பழைய குற்றவாளிகளுக்குத் தனி ஏடு உண்டு. ஒரு திருட்டு நடந்தால் முதலில் புரட்டப்படுவது அதுதான். நன்னடத்தைக்குப் பிணைப்பத்திரம் கேட்டு நிர்வாகத்துறை நடுவர் முன் நிறுத்தும் நடவடிக்கையில், ஒருவர் வழக்கமான குற்றவாளி என்பதைப் பொதுப்பேச்சைக் கொண்டே நிரூபிக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. ஜாமீன் கேட்கும்போது பழைய வழக்குகளின் பட்டியலை அரசுத் தரப்பு படித்துக் காட்டும். அதைப் படிப்பது தவறல்ல. வெளியே விட்டால் ஓடிவிடுவாரா, சாட்சிகளை மிரட்டுவாரா என்று முடிவு செய்ய அது தேவை. ஆனால் அந்தப் பட்டியலில் விடுதலையான வழக்கும் இருக்கும், நிலுவையில் உள்ள வழக்கும் இருக்கும். கேட்பவர் காதில் எல்லாம் ஒன்றாகவே விழும்.

ஒரு காலத்தில் இந்தியாவில் ஜூரர்கள் இருந்தார்கள். சாதாரண மக்கள் பெயரைக் கண்டு மயங்கிவிடுவார்கள் என்ற அச்சத்தில்தான் இந்த விதிகள் பெரும்பாலும் உருவாயின. அச்சம் வீண் அல்ல. 1959-இல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி, தன் மனைவியோடு தொடர்பு வைத்திருந்தவரைச் சுட்டுக் கொன்ற வழக்கில், ஒன்பது ஜூரர்களில் எட்டுப் பேர் குற்றவாளி அல்ல என்றார்கள். சீருடைக்கும் நற்பெயருக்கும் அதில் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது. உயர் நீதிமன்றம் அந்த முடிவை ஏற்காமல் தண்டித்தது. 1961-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இப்போது ஜூரர்கள் இல்லை. நீதிபதி சட்டம் படித்தவர். கேட்கக்கூடாததைக் கேட்டாலும் மனத்திலிருந்து ஒதுக்கிவிடுவார் என்று நம்புகிறோம். பல நீதிபதிகள் அப்படியே செய்கிறார்கள். ஆனாலும் மனித மனம்தானே. இதை அறிந்துதான் சட்டம் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. பழைய தண்டனை காரணமாகக் கூடுதல் தண்டனை கேட்கும் வழக்குகளில், அந்தப் பழைய தண்டனையைப் பற்றிய குற்றச்சாட்டை, இந்தக் குற்றத்தில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பு வரும்வரை அமர்வு நீதிபதி வாசிக்கவும் கூடாது, அரசுத் தரப்பு அதைக் குறிப்பிடவும் கூடாது.

தீர்ப்புக்குப் பிறகு நிலைமை மாறுகிறது. அப்போது முழு மனிதரையும் பார்க்க வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின்படி சிறைக்கு அனுப்பாமல் விடலாமா என்று முடிவு செய்ய அவருடைய குணத்தைப் பார்ப்பார்கள். மரண தண்டனை வழக்குகளிலும் குற்றத்தோடு குற்றவாளியையும் பார்க்க வேண்டும் என்று 1980-இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சுனாமியில் காப்பாற்றிய நான்கு பிள்ளைகளைப் பற்றி அங்கே தாராளமாகப் பேசலாம்.

இதுவரை குற்றம் சாட்டப்பட்டவரின் பெயரைப் பற்றியே பேசினோம். நீண்ட காலம் நீதிமன்றங்களில் இதைவிடக் கொடுமையாக விசாரிக்கப்பட்டது பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர். பாலியல் வன்முறை வழக்கில் புகார் கொடுத்தவர் "ஒழுக்கம் கெட்டவர்" என்று காட்டலாம் என்று சாட்சியச் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருந்தது. குற்றவாளிக்குக் கொடுத்த பாதுகாப்பு அவளுக்கு இல்லை. மகாராஷ்டிரத்தில் 1972-இல் காவல் நிலையத்துக்குள் வன்முறைக்கு ஆளான மதுரா என்ற பழங்குடிச் சிறுமியின் வழக்கை மறக்க முடியாது. அவள் ஏற்கெனவே உடலுறவுக்குப் பழகியவள் என்று கூறி அமர்வு நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. உயர் நீதிமன்றம் தண்டித்தது. 1978-இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் விடுவித்தது. மறு ஆண்டு நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்கு எழுதிய திறந்த மடல் நாட்டையே உலுக்கியது; 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் அந்தக் குறிப்பிட்ட பிரிவு நீக்கப்பட 2002-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2013 முதல், சம்மதம் பற்றிய கேள்வியில் பெண்ணின் குணமும் முன் அனுபவமும் சாட்சியமே அல்ல. நீதிமன்றத்தில் அப்படி. நம் அன்பியக் கூட்டங்களில், திருமணப் பேச்சில், ஒரு பெண் புகார் கொடுத்தாள் என்றதும் முதலில் கேட்கப்படும் கேள்வி இன்றும் என்ன என்பது நமக்குத் தெரியும்.

அந்தத் தாய் இன்னும் வெளியே நிற்கிறார். அவருக்குக் கடிதம் கொடுக்கலாமா? கொடுக்கலாம். ஜாமீன் மனுவோடு வைக்கும் கடிதத்துக்கு நற்குணச் சாட்சியத்தின் கடுமையான விதிகள் பொருந்துவதில்லை. இவர் இன்ன பங்கைச் சேர்ந்தவர், இத்தனை ஆண்டுகளாகத் தெரியும், இந்த முகவரியில் தாயோடு வாழ்கிறார், இன்ன வேலை செய்கிறார் என்று எழுதினால், ஊரைவிட்டு ஓடிவிட மாட்டார் என்று நீதிபதி நம்ப ஓர் ஆதாரம் கிடைக்கும். "இவர் இந்தக் குற்றத்தைச் செய்யவில்லை" என்று எழுதக் கூடாது. நாம் அங்கே இல்லை. அறியாத ஒருவருக்கு, கேட்டார்களே என்பதற்காக எழுதித் தருவதும் வேண்டாம். அப்படிக் கொடுத்த கடிதங்கள் பல சேர்ந்தால், உண்மையாக அறிந்து கொடுக்கும் கடிதத்துக்கும் மதிப்பு போய்விடும். விசாரணையின்போது நேரில் வந்து நற்சாட்சி சொல்லும்படி வக்கீல் கேட்டால் மட்டும், அவனுக்கு முன்பு தண்டனை ஏதும் உண்டா என்று முதலில் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த இன்னொருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கலாம். போன வருடத்து வழக்கு என்ன ஆனது? பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. தாயைக் கேட்டால் சொல்வார். "அது அப்பவே தள்ளுபடி ஆயிடிச்சி சாமி. பேப்பர்கூட வீட்டுல இருக்கு. எடுத்துட்டு வரட்டுமா?"